குழாய்கள் கழற்றிய பிறகு

குழந்தையின் கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை, எண்ணெய் தொட்ட பஞ்சால் நனைத்து நனைத்துத்தான் தாதி உரித்தாள். இழுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். கோபிசங்கர் தலைமாட்டில் நின்றான். மகளின் முகத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்க்கிறான். பிளாஸ்டர் இருந்த இடம் சிவந்து போயிருந்தது.

காலையில் டொக்டர் அவனையும் ஜெயகௌரியையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது. நுரையீரல் இனித் தாங்காது. மூச்சு மெசினைக் கழற்றிப் பிள்ளையைத் தாயின் கையில் கொடுப்பதுதான் மிச்சம்.

ஜெயகௌரி உடுப்பிட்டியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கலியாணமாகிக் கனகாலத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை இது. சுமந்த மாதங்களில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் போத்தல் தண்ணீரைக்கூடத் தொடமாட்டாள். அவன் கடைச் சாப்பாடு கொண்டுவந்தால், சோறு சுற்றிய பொலித்தீன் லஞ்ச்சீற்றோடு அப்படியே திருப்பித் தருவாள். "சூட்டுக்கு உதிலை இருக்கிறதெல்லாம் சோத்துக்கை இறங்கும்" என்பாள். பருத்தித்துறையில் படகு இயந்திரம் திருத்துகிற அவன், டீசல் மணக்கும் கையை முகர்ந்து காட்டிச் சிரிப்பான்.

ஏழாம் மாதம் பிறக்க முந்தியே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளையைச் சூட்டில் வைத்திருந்த பெட்டியை எல்லாரும் 'கண்ணாடிப் பெட்டி' என்றார்கள்.

"அது கண்ணாடி இல்லை. பிளாஸ்டிக்" என்றாள் ஜெயகௌரி.

மூச்சுக்கு ஒரு குழாய். பாலுக்கு ஒன்று. தொப்புளிலும் ஒன்று போடவேண்டும் என்றார்கள். அவள் டொக்டரிடம் நேரே கேட்டாள்.

"பிளாஸ்டிக் குழாய் வளையிறதுக்கு ஒரு இரசாயனம் சேர்க்கிறவை. அது பிள்ளைக்குள்ளை இறங்காதோ?"

கோபிசங்கர் அவளுடைய முழங்கையைப் பிடித்தான். "சும்மா இரும். அவையள் கோவிச்சால் பிள்ளையை வடிவாப் பார்க்க மாட்டினம்."

டொக்டர் கோபப்படவில்லை. "இறங்கும் அம்மா. இவ்வளவு சின்னப் பிள்ளையளுக்கு இன்னும் கூடுதலாத்தான் இறங்கும். அது சேர்க்காத குழாயள் இருக்கு. எங்களுக்கு வாறது கொஞ்சம்தான், எல்லாத்துக்கும் காணாது. ஆனால் குழாய் போடாட்டி, பிள்ளை இண்டைக்கே இல்லை."

ஜெயகௌரி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "போடுங்கோ" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிக் கதைக்கவே இல்லை. பெட்டியின் ஓட்டைக்குள்ளால் கையை விட்டு, ஒரு விரலைப் பிள்ளையின் உள்ளங்காலில் வைத்தபடி இருப்பாள்.

இப்போது கடைசிக் குழாயும் வெளியே வந்தது. தாதி பிள்ளையைத் தூக்கி, ஜெயகௌரியின் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்தாள். பிள்ளையின் வாய் திறந்து மூடியது. தொண்டைக்குள் குழாய் இருந்தவரை அது அழுதாலும் சத்தம் வராது. முகம் மட்டும்தான் சுருங்கும். இப்போது மெல்லிய ஒரு சத்தம் வந்தது.

"இஞ்சேருங்கோ" என்றாள் ஜெயகௌரி. அவளுடைய முகம் ஒரு கணம் மலர்ந்தே விட்டது. "குரல். எங்கடை பிள்ளையின்ரை குரல்."

அவன் குனிந்தான். இன்னொரு முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

வெகுநேரம் ஒருவரும் ஜெயகௌரியை இருந்த இடத்தை விட்டு எழுப்பவில்லை. டொக்டர் வந்து பக்கத்தில் இருந்தார்.

"அந்தக் குழாயாலைதானோ டொக்டர்?"

"கிருமியாலைதான் அம்மா போனது. நுரையீரல் பழுதானதிலை குழாய்க்கும் பங்கிருக்கோ எண்டு ஆராலும் பிரிச்சுச் சொல்லேலாது. இல்லவே இல்லை எண்டு உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை."

"நான்தானே போடச் சொன்னனான்."

"நானும் பக்கத்திலைதானே நிண்டனான்" என்றான் கோபிசங்கர்.

சிற்றூழியர் ஒருவர் பிள்ளையைச் சுற்றப் பொலித்தீன் விரிப்பொன்றைக் கொண்டுவந்தார். ஜெயகௌரி அதையே பார்த்தாள்.

"அது வேண்டாம் அண்ணை" என்றான் கோபிசங்கர்.

"கொண்டு போகேக்கை நனையும் தம்பி. எல்லாருக்கும் உப்பிடித்தான்."

"நனைஞ்சால் நனையட்டும். என்ரை பிள்ளைக்கு அது வேண்டாம்." அவனுடைய குரல் வார்டு முழுக்கக் கேட்டது. சிற்றூழியர் விரிப்பை மடித்துக்கொண்டு போனார். ஜெயகௌரி தன் பையிலிருந்து பருத்திச் சேலையொன்றை எடுத்து நீட்டினாள்.

பொழுதுபட முன்னர் புதைத்தார்கள். அவனுடைய சித்தப்பா தம்பிஐயாதான் கூட வந்தார். குழி சின்னதென்றபடியால் வெட்டி முடிக்க நேரமெடுக்கவில்லை. கோபிசங்கர் சேலையை விலக்கி முகத்தைப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.

"காணும் ராசா. மூடு" என்றார் தம்பிஐயா.

அவன் வீட்டுக் கிணற்றில் தலைக்குத் தோய்ந்துவிட்டு ஈரத்தோடு உள்ளே வந்தபோது, ஜெயகௌரி சுவரோடு சாய்ந்து இருந்தாள். அவளுடைய அக்கா பராசக்தி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒரு வாயெண்டாலும் குடி பிள்ளை. விடியத் தொடக்கம் வெறும் வயிறு."

ஜெயகௌரி வலக்கையால் வாங்கினாள். இடக்கை, பிள்ளையை அணைத்திருந்த மாதிரியே, மடிந்து நெஞ்சோடு கிடந்தது.

புழுக்கமாயிருக்கிறதென்று பராசக்தி மேசை ஃபானைப் போட்டாள். காற்று இந்தப் பக்கம் திரும்பியதும், ஜெயகௌரி அந்தக் கையில் காற்றுப் படாதபடி மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தாள்.