எங்கள் மைதானத்தில் அவர்கள் இறுதிப் போட்டி

மே மாதமே நான் பட்டம் வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், முடித்த முதல் ஆளும் நான்தான். அப்பா லாரியை எங்கோ நிறுத்திவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். மறுநாளே கேட்டார்.

"வேலைக்கு எப்பம்மா போற?"

"இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்ப்பா. ஹாக்கி ஆட ஒரு சீசன் பாக்கி இருக்கு."

"பந்தைத் தடுக்கறதுக்கு ஒரு வருஷமா?"

ஆமாம், அதற்குத்தான். நான் கோல் கீப்பர். போன ஆண்டு ஏரிக்கரை லீக் இறுதிப் போட்டியில் வெக்ஸ்லர் கல்லூரியிடம் பெனால்டியில் தோற்றோம். கடைசிப் பந்து என் கால் காப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் போனது. அந்த இடைவெளியை அடைக்க வேண்டும் என்று, எனக்குத் துளியும் தேவையில்லாத ஒரு மேற்படிப்பில் பெயர் கொடுத்துவிட்டு பெல்ஃபோர்ட் ஸ்டேட் கல்லூரியிலேயே தங்கினேன்.

ஆகஸ்டில் எங்கள் விளையாட்டுத் துறை டைரக்டர் ஹால்வர்சன் கேமராக்களுக்கு முன்னால் ஒரு புதுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு முதல் பெல்ஃபோர்ட் ஏரிக்கரை லீக்கில் இல்லை, கான்டினென்டல் லீக்கில் என்றார். எல்லாம் ஃபுட்பாலுக்காக, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். அந்த லீக்கின் ஆட்டங்களை டிவி வாங்குகிறது. ஏரிக்கரை லீக்கின் ஆட்டங்களை ஆடுகிறவர்களின் அம்மாக்கள் பார்க்கிறார்கள்.

லீக்கை விட்டுப் போவது லேசில்லை. விலகல் கட்டணம், ஒளிபரப்பு உரிமை, முன்னறிவிப்புக் காலம் எல்லாவற்றையும் வக்கீல்கள் கரைத்துக் குடித்திருந்தார்கள். ஒன்றை மட்டும் யாரும் பார்க்கவில்லை. சீசன் தொடங்குவதற்கு முன்பே விலகுவதாக அறிவிக்கிற கல்லூரி அந்த சீசனின் பட்டியல் ஆட்டங்களை ஆடலாம், முடிவில் வரும் கோப்பைப் போட்டிகளில் ஆடக்கூடாது. ஏரிக்கரை லீக்கின் பழைய விதி அது, ஓடிப்போகிறவர்களுக்கென்றே எழுதியது. சீசன் முடிகிற டிசம்பர் வரை பொறுத்திருந்தால் நாங்கள் ஆடியிருக்கலாம். ஹால்வர்சனுக்கோ, அந்த ஆண்டு ஃபுட்பால் சீசன் டிக்கெட்டிலேயே புதுச் சின்னம் வந்தாக வேண்டும்.

"விதிவிலக்கு கேப்போம். மத்த ஏழு காலேஜ்ல அஞ்சு பேர் சரின்னா போதும். நீங்க ஆடுங்க," என்றார் கோச் ப்ரூயிட்.

ஆடினோம். பஸ்ஸிலேயே தூங்கி, பஸ்ஸிலேயே பரீட்சைக்குப் படித்து, பட்டியலில் முதல் இடத்தில் முடித்தோம். வெக்ஸ்லரை இரண்டு முறை அடித்தோம்.

வாக்கெடுப்பில் மூன்று பேர்தான் சரி என்றார்கள். வெக்ஸ்லர் கோச்சும் எங்கள் கோச்சும் ஒரு காலத்தில் ஒரே அணியில் ஆடியவர்கள். அந்த வெக்ஸ்லர்காரி போன் செய்து, எங்கள் கோச்சைப் பழைய செல்லப் பெயரில் கூப்பிட்டுச் சொன்னாளாம், "பொண்ணுங்க மேல யாருக்கும் கோவம் இல்ல மோ. உங்க டைரக்டர் மேலதான்." கோச் இதை எங்களிடம் ஆறுதலாகச் சொன்னார். பட்டினி கிடக்கிறவனிடம் சமையல்காரன் நல்லவன் என்று சொல்வது போலிருந்தது.

கூத்து இதோடு முடியவில்லை. இறுதிப் போட்டியை எங்கள் மைதானத்தில் நடத்துவதென்று போன வசந்தத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தோம். அதை மாற்ற முடியாதாம். ஆட நாங்கள் வேண்டாம், எங்கள் தரை மட்டும் வேண்டும்.

மறுநாள் ஹால்வர்சன் எங்கள் உடைமாற்றும் அறைக்கே வந்தார். பின்னால் ஒரு வண்டி நிறைய ஜாக்கெட். கான்டினென்டல் சின்னம் போட்டது, ஆளுக்கு ஒன்று.

"வருத்தம்தான், எனக்குப் புரியுது. ஆனா முன்னாடி பாருங்க. அடுத்த வருஷம் இதைப் போட்டுக்கிட்டு நாடு பூரா பறக்கப் போறீங்க," என்றார்.

நான் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"சார், கான்டினென்டல் லீக்ல ஹாக்கி இருக்கா?"

அவர் கோச்சைப் பார்த்தார். கோச் தரையைப் பார்த்தார்.

"அந்த லீக்ல யாருமே ஹாக்கி ஆடறதில்ல சார். எங்க பறக்கறது?"

"அதுக்கு... ஏதாவது ஏற்பாடு பண்ணுவோம்."

"பண்ணுங்க சார். மொதல்ல எங்ககிட்ட ஹாக்கி டீம் இருக்குன்னு எங்கயாவது எழுதி வச்சுக்குங்க."

அவர் போனதும் பின்வரிசை ஆடும் கோரா என் முதுகில் ஒரு அறை விட்டாள். இரண்டாம் ஆண்டுப் பெண், என்னைக் குடும்பப் பெயரில்தான் கூப்பிடுவாள். "ஸ்டோக், உன் வாயை மட்டும் கோல்ல நிக்க வச்சா போதும்டி. ஒரு பந்து உள்ள போகாது."

அன்றே திட்டம் போட்டோம். இறுதிப் போட்டி தொடங்கும்போது சீருடையோடு போய் நடு மைதானத்தில் உட்கார்ந்துவிடுவது. இழுத்துப்போட்டால் போடட்டும். டிவி வராது, ஆனால் அம்மாக்கள் பார்ப்பார்கள். எல்லோரும் சரி என்றார்கள்.

இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள் கோச் என்னைத் தன் காருக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஹீட்டர் ஓடியும் குளிர்ந்தது.

"உக்காரப் போறீங்களாமே."

"யாரு சொன்னா?"

"இருபது பொண்ணுங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா? இங்க பாரு. லீக் தலைவர் டெலாஃபீல்ட் நாளைக்கு வர்றார். ஹாக்கிக்கு மட்டும் எங்களைத் தனியா சேத்துக்குங்கன்னு அவர்கிட்டதான் கெஞ்சிட்டு இருக்கேன். அவர் முடியாதுன்னா அடுத்த வருஷம் நமக்கு லீக்கே கிடையாது. லீக் இல்லாத டீமை ஹால்வர்சன் எத்தன நாள் வச்சிருப்பார்?"

"அப்ப நாளைக்கு நாங்க என்ன பண்ணணும்?"

அவர் ஹீட்டரைக் கூட்டி வைத்தார். "பந்து பொறுக்க ஆள் வேணும்."

எங்கள் வழக்கம் அது. சின்ன விளையாட்டுகளில் ஒரு அணி ஆடும்போது இன்னொரு அணி பந்து பொறுக்கும், டிக்கெட் கிழிக்கும். கால்பந்துப் பெண்கள் எங்களுக்குச் செய்வார்கள், நாங்கள் அவர்களுக்கு. அந்த வாரம் அவர்கள் வெளியூரில் இருந்தார்கள்.

"என் கோப்பையை வேற எவளோ தூக்கறதுக்கு நான் பந்து பொறுக்கணுமா கோச்?"

"உனக்கு இனிமே எதுவும் இல்ல ரெனாட்டா. அது நியாயமே இல்ல. கோராவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

அவரைத் திட்ட ஆசையாக இருந்தது. திட்ட வேண்டிய ஆள் அவர் இல்லை என்பதுதான் எரிச்சல்.

நாங்கள் உட்காரவில்லை. காலையில் தரைக்குத் தண்ணீர் பீய்ச்சினோம்; காய்ந்த செயற்கைத் தரையில் பந்து ஓடாது. ஏரிக் காற்று எலும்பில் இறங்கியது. என்னிடமிருந்த ஒரே கனமான ஜாக்கெட் ஹால்வர்சன் கொடுத்ததுதான். சின்னம் தெரியாமல் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டேன். தையல் நூல் தொங்கியது. போனால் போகட்டும்.

வெக்ஸ்லர் ஜெயித்தது. நான் நின்றது அவர்கள் கோலுக்குப் பின்னால். அந்த கீப்பருக்கு இடதுபக்கம் கடைசி வரை பலவீனம்தான். யாரும் அங்கே அடிக்கவில்லை. வெளியே போன பந்துகளை எடுத்து எடுத்துப் போட்டேன்.

கோப்பை கொடுத்து முடித்ததும் டெலாஃபீல்ட் என்னிடம் வந்து கை நீட்டினார். "பிரமாதமா நடத்தினீங்க. பெருந்தன்மை."

"பெருந்தன்மை எல்லாம் இல்ல சார். அடுத்த வருஷம் எங்க பொண்ணுங்களைச் சேத்துப்பீங்களா?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "வசந்தத்துல கமிட்டி பார்க்கும்மா."

"நாங்கதான் மொதல் இடம். அதையும் கமிட்டி பார்க்கட்டும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கோராவும் நானும் கோல் கம்பத்தை ஓரத்துக்கு இழுத்தோம். இரண்டு பேருக்கு அது அதிக கனம்.

"என்னவாம்?"

"பார்க்கலாமாம்."

"அப்படின்னா?"

"அப்படின்னா நாளைக்குக் காலையில ஸ்டிக்கை எடுத்துட்டு வா. உனக்கு இடதுபக்கம் அடிக்கவே வரல."

"உனக்குத்தான் இனி மேட்ச் கிடையாதேடி."

"உனக்கு இருந்தாலும் இருக்கும்ல. இழு."