மச்சான் பிடிக்கும் கயிறு

சூடம் கொளுத்துங்கள், அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

பெருமாட்டி கிராமத்தில் ஆறுச்சாமியின் தோட்டத்துப் பாறை கோபுர உயரம். அதில் தேன் எடுக்க இறங்குகிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பான். கூடப் பிறந்தவளின் தாலிக்குப் பயந்து கயிற்றை விடமாட்டான். அறுபத்தாறாம் வருஷம் ஆறுச்சாமியின் அண்ணன் இறங்கியபோது மச்சான் சந்தைக்குப் போயிருந்தான். ஆறுச்சாமி பிடித்தார். கயிறு கையை விட்டு ஓடிவிட்டது; விழுந்த அண்ணன் எழவில்லை. அன்றோடு ஆறுச்சாமியின் இரண்டு உள்ளங்கையும் மரத்துப்போயின. அழுகையும் வரவில்லை. கொதிக்கிற சோற்றுச் சட்டியைத் துணியில்லாமல் இறக்குவார்.

எழுபத்து நாலு தை மாதம் கோயமுத்தூர்க் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் பாறை ஏறிப் பழக அனுமதி கேட்டு வந்தார்கள். உச்சி ஆலமரத்தில் கயிற்றைச் சுற்றிப் போட்டு ரத்தினசாமி ஏறுவானாம், கந்தப்பன் கீழே நின்று பிடிப்பானாம்.

"ஒருத்தருக்கொருத்தர் என்ன முறைங்க?" என்றார் ஆறுச்சாமி.

"சிநேகிதமுங்க."

"ஆகாதுங்க. மச்சானோட வந்தா ஏறிக்குங்க."

வைகாசியில் வந்து, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை நீட்டினார்கள். கந்தப்பனின் தங்கை முத்தாத்தாளை ரத்தினசாமி கட்டியிருந்தான். அவளும் கூட நின்றாள். ஆறுச்சாமி பத்திரிகையை இரண்டு தடவை படித்துவிட்டு வேலிப்படலைத் திறந்தார்.

பாதிப் பாறையில் ரத்தினசாமிக்குக் கால் வழுக்கியது. கயிறு தாங்கியது. ஆனால் அன்று காலைதான் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை.

"இறக்காதண்ணா. பாறைக்காகத்தான் என்னயக் கட்டுனாராமா. அதோடயே இருக்கட்டும்," என்றாள் முத்தாத்தாள்.

தங்கை சொல் தட்டாத கந்தப்பன் உச்சிப்பொழுதுவரை பிடித்தான். அப்புறம் பிடி வழுக்கத் தொடங்கியது. ஆறுச்சாமியைக் கூப்பிட்டான்.

அவர் நகரவில்லை. "நான் அவருக்கு மச்சானில்லீங்க."

முத்தாத்தாள் தொங்குகிறவனை நிமிர்ந்து பார்த்தாள். ஆறுச்சாமியிடம் வந்தாள்.

"புடிங்கண்ணா."

அண்ணா என்றபின் முறை வந்துவிட்டது. கயிற்றை வாங்கினார். மேலே இருப்பது ஆளா தேன்குடமா என்று கைக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து, முழம் முழமாக விட்டார். ரத்தினசாமியின் கால் தரையில் பட்ட பிறகும் பிடியைத் தளர்த்தவில்லை. விரல்களைக் கந்தப்பன்தான் பிரித்தெடுத்தான். தோல் உரிந்திருந்தது. வலிக்கிறதா என்று முத்தாத்தாள் கேட்டதற்குத் தெரியவில்லை என்றார்.

மறுநாள் காலையில் காப்பி டம்ளர் சுட்டது. கீழே வைத்தார். கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடம் அணைந்துவிட்டதல்லவா, இனிச் சொல்லலாம்: ஆறுச்சாமியின் தோட்டத்தில் பாறையே கிடையாது; ஏறுவதற்கு இருப்பது தென்னை மட்டும்தான்.