ஒரு திருடன், இரண்டு அரசாங்கம்

விக்டோரியா ஏரியின் நடுவே கிடக்கும் எங்கள் பாறைக்கு இரண்டு நாடுகள் சொந்தம் கொண்டாடுகின்றன. எந்த நாடுகள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு கரையிலும் நான் மீன் விற்றாக வேண்டும். கிழக்கு முனையில் ஒரு போலீஸ் கூடாரம், அதில் சார்ஜன்ட் நியாம்வேயா. மேற்கு முனையில் இன்னொன்று, அதில் சார்ஜன்ட் வாண்டேரா.

மழைக்காலத்தில் எங்கள் பாறை மீனவன் ஓக்கேலோ என் படகு இன்ஜினைத் திருடித் தன் படகில் மாட்டிக்கொண்டான். ஒளிவுமறைவே கிடையாது. புகார் சொல்லப் போனால் அவர் இவரைக் கைகாட்டினார், இவர் அவரை. மூன்று மாதம் துடுப்புப் போட்டு என் தோள் கழன்றுவிட்டது.

அப்புறம்தான் பாறை வழக்கு உலக நீதிமன்றத்துக்குப் போனது. இங்கே யார் ஆட்சி நடத்தினார்கள், யார் திருடனைப் பிடித்தார்கள் என்று அத்தாட்சி கேட்டு இரண்டு தலைநகரங்களிலிருந்தும் உத்தரவு வந்தது. இரண்டு பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. அன்று காலை இரண்டு சார்ஜன்ட்டும் என் குடிசைக்கு ஓடி வந்தார்கள், ஆளுக்கொரு பேனாவோடு.

ஓக்கேலோவின் வலக்கையில் ஒரு நாட்டு விலங்கு, இடக்கையில் மற்ற நாட்டு விலங்கு. கைதிக்குச் சோறு போடுவதும் ஆட்சிதான் என்று இருவரும் போட்டி போட்டு அவனுக்கு உகாலிக் களி ஊட்டினார்கள். என் இன்ஜின் கிழக்குக் கூடாரத்தில் சாட்சிப் பொருள், அதன் விசிறி மேற்குக் கூடாரத்தில். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். தீர்ப்பு வந்ததும் தருவார்களாம், எட்டு வருஷம் ஆகலாமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓக்கேலோ மெல்லச் சொன்னான்: "அண்ணே, நீங்களே எனக்குக் குடுத்ததா சொல்லிடுங்க. வெளிய வந்ததும் திருப்பித் தந்துடறேன்."

திருடன் பேச்சை நம்புவதா? இரண்டு அரசாங்கத்தை நம்பிப் பார்த்தாயிற்றே.

"திருட்டே நடக்கல சார், நான்தான் ஆசையா குடுத்தேன்" என்றேன்.

வாண்டேராவின் முகம் தொங்கிப்போனது. "யோவ் ஓப்பொண்டோ, கொஞ்சமாவது திருட்டுப் போச்சுன்னு சொல்லுய்யா."

நான் அசையவில்லை. திருட்டு இல்லை என்றால் வழக்கு இல்லை, சாட்சிப் பொருளும் இல்லை. இன்ஜினையும் விசிறியையும் ஓக்கேலோவிடமே கொடுத்தார்கள். அவன் மாட்டிக்கொண்டு, கையசைத்துவிட்டுப் போயே போய்விட்டான். என்னைப் போல் மடையன் உண்டா என்று பொழுது சாயும்வரை தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

வந்தான். அவனே இன்ஜினைக் கழற்றி என் படகில் வைத்துத் திருகி இறுக்கினான்.

"ஏண்டா இவ்வளவு நேரம்?"

"கடைசியா ஒரு தடவை வலை போட்டுட்டு வந்தேன்ணே. டேங்க் காலி, பெட்ரோல் ஊத்திக்கங்க."