மூடிக்குள் இருந்த வாத்து

அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் 'சிக்கனம்'. பற்பசை தீர்ந்துவிட்டால் அதன் குழாயைக் கத்தரியால் வெட்டி உள்பக்கம் வழித்தெடுப்பார். அப்பேர்ப்பட்டவர் டர்போ இன்ஜின் வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, பழையதுதான் என்றாலும், வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது அக்கா மயங்கி விழாத குறை.

வாங்கிய அன்றே அந்தக் காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்றிக் கொடுத்தது நான். பத்தாம் நாள் காலை, நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று அவர் போட்ட சத்தத்தில் ஆறு பேர் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்கள்.

"மேட்டுல ஏறினா உள்ள யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி கடகடங்குது. எல்லாம் இவ கை வச்சதுக்கு அப்புறம்தான்!"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. சொந்தக்காரராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் முதலாளியின் முகம் மாறிவிட்டது. நாலு வருஷமாக டயருக்கும் ஆயிலுக்கும் குனிந்து கிடந்த என்னிடம், வரும் திங்கட்கிழமை முதல் இன்ஜின் பகுதியை ஒப்படைப்பதாக அவர் முந்தாநாள்தான் சொல்லியிருந்தார். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் பார்ப்பவருக்கு மட்டும்தான் 'மாஸ்டர்' என்று பட்டம். மற்றவர்கள் 'ஏய்', 'தம்பி'. நான் 'அந்தப் பொண்ணு'.

"அந்தப் பொண்ணுகிட்ட இன்ஜினைக் கொடுக்கறது கொஞ்சம் அவசரமோ," என்று முதலாளி எனக்குக் கேட்கும்படியே முணுமுணுத்தார்.

இப்போது விட்டால் போச்சு. "அத்தான், வண்டிய எடுங்க. முதலாளி, நீங்களும் ஏறுங்க," என்றேன்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வரை செங்குத்தாக ஒரு சாலை ஏறுகிறது. பாதி மேட்டில் அவர் சொன்ன சத்தம் வந்தது. இன்ஜினின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் என் மடியில் இருந்தது, அதைப் பார்த்தேன். நாலு சிலிண்டரிலும் தட்டல். பிளக்கில் கோளாறு என்றால் ஒன்று மட்டும் முனகும். நாலும் சேர்ந்து கத்தினால் சாப்பாட்டில்தான் கோளாறு.

"என்ன பெட்ரோல் போடுறீங்க அத்தான்?"

"போட வேண்டியதத்தான் போடுறேன். நான் என்ன கஞ்சனா?"

முதலாளிக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது.

திரும்பி வந்து பெட்ரோல் மூடியைத் திறந்தேன். அதன் உள்பக்கம் மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

"அது பாப்பா ஒட்டினது," என்றார் அவசரமாக.

"மூணு வயசுப் பிள்ள ஒட்டினா கோணலா இருக்கும். இது நாலு பக்கமும் அளவெடுத்து வெட்டினது. அந்தக் கத்தரிய எனக்கு நல்லாத் தெரியும் அத்தான்."

நகத்தால் வாத்தை உரித்து என் சட்டைப் பையின் மேல் ஒட்டிக்கொண்டேன். அடியில் இருந்த எழுத்து வெளியே வந்தது: '98 ஆக்டேன் மட்டும்'.

அவர் தரையைப் பார்த்தார். "பங்க்ல இருக்கிற அம்மா ஒவ்வொரு தடவையும் இதப் படிச்சிட்டு, 'சார், இதுக்கு விலை கூடினதுதான் போடணும்'னு பத்துப் பேர் முன்னாடி சொல்றாங்க. மானம் போகுது. அதான் மறைச்சேன்." உடனே தலை நிமிர்ந்தது. "அதுக்காக? பெட்ரோல்னா பெட்ரோல்தானே! நீ செஞ்ச தப்ப மழுப்பாத."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "டேங்கக் காலி பண்ணி, என் காசுல சரியானதப் போடுறேன். பிளக்கைத் தொடவே மாட்டேன். அதே மேட்டுல சத்தம் வந்தா இந்த வேலையவே விட்டுடுறேன். வரலைன்னா, எங்க நின்னு கத்தினீங்களோ அங்கயே நின்னு, அதே சத்தத்துல ஒத்துக்கணும்."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். மூன்றாவது பிளக்கைச் சரியாகத்தான் முறுக்கினேனா? முறுக்கினேன். நூறு தரம் எனக்கே சொல்லிக்கொண்டு பெட்ரோலை மாற்றினேன். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பழைய அளவுகளை அழித்தேன்.

மறுபடி அதே மேடு. அத்தான் கடுப்போடு ஆக்சிலேட்டரை மிதித்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் வந்த இடம் வந்தது, போனது. ஒன்றுமில்லை. ஒரே சீரான உறுமல். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள, கண் மூடித் திறப்பதற்குள் தொட்டியடியில் நின்றோம். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"இவ்ளோ நாளா இது என்கிட்டயா இருந்துச்சு?" என்று அத்தான் பாப்பா மாதிரி சிரித்தார். கேட்காமலே இன்னும் இரண்டு தரம் ஏறி இறங்கினார்.

"ஆக்டேன் குறைஞ்சா பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே வெடிக்குது அத்தான். கம்ப்யூட்டர் பயந்துபோய் இன்ஜினை அடக்கி வச்சிருக்கு. வேகமும் இல்ல, பெட்ரோலும் கூடத்தான் குடிச்சிருக்கும்."

"அப்ப நான் மிச்சம் பிடிச்சது?"

"அந்தச் சத்தத்தத்தான்."

வாசலில் இறங்கினார். தொண்டையைக் கனைத்தார். மனுஷன் வாக்குத் தவறவில்லை.

"தப்பு என்னோடது! என் மச்சினி போட்ட பிளக் பிரமாதமா இருக்கு!"

ஆறு பேரும் ஸ்பேனரால் இரும்பு மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அந்த அமளிக்கு நடுவே ஒரு வேன்காரர் வந்து முதலாளியிடம், "இங்க இன்ஜின் பாக்குறது யாருங்க?" என்று கேட்டார்.

முதலாளி என் பக்கம் கையை நீட்டினார்.

"மாஸ்டரக் கேளுங்க. அதோ, சட்டையில வாத்து ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்கதான்."