முன்வரிசையில் தாசில்தார்

கஸ்பாருக்கு வியர்த்துக் கொட்டியது. மேடையேறி இவ்வளவு நேரமாகியும் ஓர் ஆள்கூடச் சிரிக்கவில்லை.

மொரப்பூர்ப் பக்கம் மாதா கோயில் திருவிழா. கழுத்தில் தொங்கும் ஆர்மோனியமும், ஊர் நடப்பைக் கிண்டலடிக்கும் வாயும்தான் அவன் முதலீடு. சேலத்தில் மெல்லிசைக் குழு நடத்தும் குப்புராஜ் அவனைப் பார்க்கவென்றே வந்து பந்தலோரம் நின்றிருந்தார். ஜனம் சிரித்தால் குழுவில் இடம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் மாமனாரின் புளி மண்டிதான்.

முன்வரிசையில் சிறப்பு விருந்தினராகத் தாசில்தாரை உட்கார வைத்ததுதான் வினை. அவர் எதிரே ஒருவன் மைக்கில் குறை சொன்னால் அது மனுதான் என்று ஜனம் முடிவு கட்டிவிட்டது.

டவுன் பஸ் ஆள் நிற்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போய் நிற்பதையும், மொத்த ஊரும் குடமும் கோழியுமாகப் பின்னால் ஓடுவதையும் கஸ்பார் நடித்துக் காட்டினான். ஆர்மோனியத்தில் ஹாரன் அடித்தான். பென்னாகரத்தில் இதற்கு விசில் பறந்தது. இங்கே எல்லோரும் கவலையோடு தலையாட்டினார்கள். இரண்டாம் வரிசையிலிருந்து தீர்த்தம்மாள் என்றோர் அம்மா எழுந்து, எங்கள் ஊரில் தள்ளிக்கூட நிற்பதில்லை என்று தாசில்தாரிடமே முறையிட்டாள். கைதட்டல். தாசில்தார், பாவம், பேனாவைத் தேடினார்.

கஸ்பார் மண்ணெண்ணெய்க் கடைக் கதைக்குத் தாவினான். வரிசையில் தனக்குப் பதில் ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கும் ஆசாமியின் குறட்டையை ஆர்மோனியத்தில் இழுத்தான்.

"அந்தக் கல்லைப் பத்தி நல்லா சொல்லுங்க தம்பி," என்றாள் தீர்த்தம்மாள். "என் கல்லை எவனோ பின்னாடி நவுத்திப் போட்டுட்டான். ஐயா கேக்கட்டும்."

குப்புராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கஸ்பாருக்குப் பொறுமை போயே போயிற்று. ஒப்பாரி ராகத்தில் அவளையே பிடித்துப் பாடினான்.

"கல்லைத் தொலைச்ச ஆத்தா, கச்சேரிக்கு ஏன் வந்த?"

"விளக்குல எண்ணெ இல்லீங்க தம்பி. இங்கதான் வெளிச்சமா இருக்குது."

பந்தலே அதிர்ந்தது. அவன் கடுப்பில் பாடப் பாட, அவள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொன்னாள். தாசில்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கீழே இறங்கியதும் குப்புராஜ் ஓடிவந்தார். இடம் உண்டு, ஆனால் அந்த அம்மாவும் சேர்ந்து வரவேண்டும், இல்லையென்றால் பேச்சே இல்லை என்றார்.

கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கேட்டான். தீர்த்தம்மாள் சற்று யோசித்தாள்.

"வர்றேங்க தம்பி. ஆனா நான் பேசறப்ப நீங்க நடுவுல நடுவுல பாட்டுப் பாடக்கூடாது."