உசிரு பிடி

கோவிந்தப்பாவின் கழுத்தில் இடது பக்க ரத்தக்குழாய் முக்கால்வாசி சுருங்கிப் போயிருந்தது. போன வாரம் வலது கை மரத்து டீ டம்ளரைக் கீழே போட்டார். கொஞ்ச நேரத்தில் கை சரியாகிவிட்டது. ஆனாலும் அவருடைய மனைவி பாஞ்சாலி விடவில்லை, லிங்கராஜபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டாள்.

டாக்டர் மஞ்சுநாத் நல்ல தமிழிலேயே சொன்னார். "ஸ்கேன் மெஷினுக்குள்ள மூச்சப் பிடிக்கச் சொல்வாங்க. அப்போ மூளைக்குப் போற ரத்தம் ஏறணும். ஏறிச்சுன்னா மாத்திரையோட விட்டுடலாம். ஏறலைன்னா கழுத்துல ஆபரேஷன். கையைத் தவிர வேற ஏதாவது மாற்றம் இருந்தாலும் ஆபரேஷன்தான். அப்படி ஏதாவது பாத்தீங்களாம்மா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள். அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

கழுத்தில் கத்தி வைக்கக் கூடாது. பாஞ்சாலியின் மனசில் இருந்தது அது ஒன்றுதான். அழுகை வரவில்லை, சாமி பேர்கூட வாயில் வரவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஸ்கேன் எடுக்கும் மமதாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கோவிந்தப்பா படுத்திருந்த மெஷின் ரோடு போடுகிற சத்தத்தில் இடித்துக்கொண்டிருந்தது.

மமதா மைக்கில் கன்னடத்தில் சொன்னாள். "உசிரு ஹிட்கொள்ளி." மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். திரையில் அவர் மூச்சைக் காட்டும் கோடு அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பிடிக்கவேயில்லை. "உசிரு பிடி" என்றாள், அதாவது விடுங்கள். கோடு படுத்துவிட்டது. மனிதர் அப்போதுதான் மூச்சை இறுக்கிப் பிடித்தார். கன்னடத்துப் 'பிடி'யும் தமிழ்ப் 'பிடி'யும் தமிழில் எழுதினால் ஒன்றுதான், வேலையில் நேர் எதிர். திரும்பச் சொல்லிப் பார்த்தாள். திரும்பவும் அதே கூத்து.

மமதாவுக்குச் சிரிப்பு. "விடுன்னா புடிச்சிக்கிறாரு ஆன்ட்டி. தமிழ்க்காரங்க நெறைய பேரு இப்படித்தான். அங்கிளுக்குக் கன்னடா பரல்வா?"

கன்னடம் வராதா? சர்வீஸ் முழுக்கச் சிவாஜிநகர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, கன்னடத்தில் டிக்கெட் கொடுத்து, கன்னடத்தில் சில்லறைக்கு மல்லுக்கட்டி ரிட்டயர் ஆனவர். தூக்கத்தில் உளறினாலும் "முந்தெ பன்னி" என்று ஆட்களை முன்னால் தள்ளுவார். வீட்டில் பேச்சு தமிழ்தான். கை மரத்ததிலிருந்து அவர் வாசல் தாண்டவில்லை. அதனால் கன்னடம் போனது இவளுக்கும் தெரியாமல் இருந்தது.

சொன்னால் கத்தி. "ஆமாம்மா, வராது" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. தன் குரலே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

மமதா தமிழில் மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை சொன்னபடி பிடித்தார், சொன்னபடி விட்டார்.

வெளியே வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் பாஞ்சாலி மெதுவாகக் கேட்டாள். "ஊட்டா மாடோணவா?"

சாப்பிடலாமா என்று ஊரே கேட்கிற கேள்வி அது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பாஷ அது? நீ எப்போ கத்துக்கின?"

கல்யாணமாகி ஆம்பூரிலிருந்து வந்தவளுக்குக் கன்னடம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்தக் கேள்விதான் முதல் பாடம்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். "ரத்தம் ஏறுது, ரொம்ப இல்ல. நடுவாந்தரம்தான். கைக்கு மேல ஒண்ணும் ஆகலைங்கிறதால மாத்திரையில பார்க்கலாம்." மருந்துச் சீட்டைக் கையில் எடுத்தவர் கேட்டார், "வேற மாற்றம் ஒண்ணும் இல்லைதானே?"

அவள் காத்திருந்த 'மாத்திரை' என்ற வார்த்தையை அவரே சொல்லிவிட்டார். தலையாட்டினால் போதும், சாயந்திரத்துக்குள் வீடு.

"இவருக்குக் கன்னடம் போயிடுச்சு டாக்டர்" என்றாள் பாஞ்சாலி.

கோவிந்தப்பா சிரித்துவிட்டார். "எனக்கு எப்ப வந்துச்சு, போறதுக்கு?"

டாக்டர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பாஞ்சாலி புருஷன் பக்கம் திரும்பவில்லை.

"ஆபரேஷன் என்னிக்கு வெச்சுக்கலாம் டாக்டர்?" என்று கேட்டாள்.