சூடு ஆறும்வரை

அந்தத் தெருவில் சுளுக்கக்கா என்று சொன்னால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்த தபால்காரர் ஒருவர் இரண்டு நாள் அலைந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். மாலையில் வீடு வீடாகப் போய், விழுந்தவர்களையும் ஆபரேஷன் ஆனவர்களையும் மிரட்டி நடக்கவைப்பாள். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்குத் தெருவில் நான்கு கதைகள் உண்டு, நான்கும் பொய். ஆனால் அவள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப்போகிறாள், அதுவும் மஞ்சளில், என்ற கதை உண்மை என்று தெரிந்ததும், அந்த நான்கையும் ஒரு வாரத்துக்கு யாரும் தொடவில்லை.

நிஜமான ஸ்போர்ட்ஸ் கார்கூட இல்லை. ஹேட்ச்பேக். பார்க்கக் குட்டி, உள்ளே இன்ஜின் பெரிய கோபக்காரன். இரண்டே கதவு, தரையை முகர்ந்துகொண்டு நிற்பதுபோல ஒரு நிற்பு. மீசை முளைத்த புதிதில் பையன்கள் ஆசைப்படுகிற சாதி வண்டி. "இது உனக்கு எதுக்குடி?" என்று கேட்ட அக்காவிடம், "வேகமாப் போகணும்" என்று மட்டும் சொன்னாள். பதினெட்டு வருஷம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அதற்குமேல் விளக்கம் கேட்க அக்காவுக்கே கூச்சமாக இருந்தது.

அக்காவின் கணவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. ரிட்டயர் ஆகும்வரை இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர். ஆயுளில் நான்கு கார் மாற்றியிருக்கிறார், நான்கும் வெள்ளை. அதனால் குடும்பத்தில் சக்கரம் வைத்த எதுவானாலும் அத்தானைக் கேட்காமல் நகராது. அவருடைய நண்பரிடம் ஒரு வெள்ளைக் கார் விலைக்குத் தயாராக இருந்தது. கியர் போடவே வேண்டாம். உட்கார்ந்தால் தூக்கம் வரும்.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அத்தான் நிபந்தனை போட்டார்.

"சரி, நாளைக்குப் போய்ப் பார்க்கலாம். ஆனா ஒண்ணு. அந்த மஞ்சள் வண்டியில ஒரே ஒரு குறை இருந்தாலும் வெள்ளை வண்டிதான். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி அத்தான்."

"சரின்னா வாக்கு."

"வாக்குதான். ரசத்தை இந்தப் பக்கம் தள்ளுங்க."

எட்டு வருஷம் ஓடிய வண்டியில் ஒரு குறைகூட இல்லாமல் இருக்குமா? அத்தான் அன்றைக்குக் கவலையே இல்லாமல் தூங்கினார். சுளுக்கக்காதான் தூங்கவில்லை. மூன்று மாதமாக அவளிடம் இடுப்புவலிக்கு வரும் மெக்கானிக் ஒருவர், கட்டிலில் குப்புறக் கிடந்தபடியே பாடம் நடத்தியிருந்தார். அவள் அழுத்துவாள், அவர் ஐயோ என்பார், ஐயோவுக்கு நடுவில் ஒரு பாடம். "முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கக்கா. ராத்திரி பூரா ஆறின இன்ஜின் பொய் சொல்லாது." அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நன்றாகத் தேடினால் குறை அகப்படும். அகப்பட்டால் வண்டி போய்விடும். தேடாமல் வாங்கினால் அவள் ஏமாளி. இரண்டில் எது மேல் என்று விடியும்வரை புரண்டாள்.

விற்கிறவர் சலூன்காரர். முன்மயிரைக் காற்றுக்கு எதிராக நிறுத்திவைத்திருந்தார். வண்டியும் அவரைப்போலவே பளபளவென்று, வீட்டு முன்னால் மரநிழலில் நின்றது. மணி பத்து. வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

அத்தான் போனதும் டயரை ஒரு உதை உதைத்தார். டயர் ஒன்றும் சொல்லவில்லை. கதவை இரண்டு தடவை அறைந்து சாத்தினார். "கதவு ஓகே" என்றார். அவருடைய சோதனை அத்துடன் முடிந்தது.

சுளுக்கக்கா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். டயரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினாள்.

"வெளிய புதுசு, உள்ள மொட்டை. வண்டி சாஞ்சு நடக்குது."

"நடக்குதா?" என்றார் சலூன்காரர்.

"செருப்போட அடியைப் பார்த்தா ஆள் எந்தப் பக்கம் நொண்டறார்னு தெரியும். அது என் தொழில்."

"அது அலைன்மென்ட் மேடம். அரை மணி நேர வேலை."

"நாலும் நாலு கம்பெனி டயர்."

"அந்தந்த நேரத்துல எது கிடைச்சுதோ அது."

அத்தான் தொண்டையைச் செருமினார். ஒன்று ஆயிற்று என்று அர்த்தம். அவள் கண்டுகொள்ளவில்லை. டிக்கியைத் திறந்து, அடியில் விரித்திருந்த பாயைத் தூக்கி, பின்னால் இடிபட்டு ஒட்டவைத்த அடையாளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்தாள். இல்லை. கிளட்ச் பெடலின் ரப்பரையும் டிரைவர் சீட்டின் ஓரத்தையும் பார்த்தாள். மீட்டரில் காட்டிய கிலோமீட்டருக்கு ஏற்ற தேய்மானம்தான். மனசுக்குள் ஒரு துள்ளல். அப்புறம்தான் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்க்கிறவள்போல.

சுட்டது.

"வெயில் மேடம்," என்றார் சலூன்காரர், யாரும் கேட்பதற்கு முன்பே.

அவள் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். அத்தானும் பார்த்தார். நல்ல அடர்த்தியான மரம்.

"நீங்க வர்றீங்கன்னு கழுவ எடுத்துட்டுப் போனேன். ஒரு சின்ன சுத்து."

"பரவாயில்ல. ஆறட்டும்."

"எது?"

"வண்டி. ஆறினதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கறேன்."

"அதுக்கு மத்தியானம் தாண்டிடுமே."

"இன்னிக்கு எனக்கு லீவுதான். சாவி என்கிட்டயே இருக்கட்டும்," என்று அவர் விரலில் சுற்றிக்கொண்டிருந்ததை வாங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். யாராவது ஒரு நோயாளியிடமிருந்து ஊன்றுகோலைப் பிடுங்கும் அதே சாவதானம். சலூன்காரர் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தானுக்கு மானம் போயிற்று. "முன்பின் தெரியாத வீட்டு வாசல்ல துக்கம் கேட்க வந்தவங்க மாதிரி உட்காரணுமா? சூடா இருந்தா என்ன, ஓடுதில்ல? நல்லா ஓடற வண்டியைத்தானே வாங்கணும்?"

"வலி மாத்திரை போட்டுட்டு வந்து, வலியே இல்ல டாக்டர்னு குதிச்சுக் காட்டறவங்களைத் தினம் பார்க்கறேன் அத்தான். மாத்திரை இறங்கட்டும், பார்க்கலாம்."

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. பதினோரு மணிக்கு டீ வந்தது. பன்னிரண்டு மணிக்குச் சலூன்காரர் வெளியே வந்து, ஏசி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சும்மா ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா என்றார். வேண்டாம், வியர்த்தால் துடைத்துக்கொள்வேன் என்றாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்த வந்த பெண் ஒரே துண்டை மூன்று தடவை உதறினாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது, ஒரு கார் ஆறுவதை ஆள் வைத்துக் காவல் காப்பதை யார் பார்த்திருக்கிறார்கள்? அத்தான் செய்தித்தாளை விளம்பரம் உட்பட முடித்துவிட்டு, நாற்காலியிலேயே வாயைத் திறந்து தூங்கிப்போனார்.

சலூன்காரரின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஒரு பக்கத் தோள் மேலே ஏறியிருந்தது.

"ராத்திரி இந்தக் கை மரத்துப்போகுதா?" என்று கேட்டாள் சுளுக்கக்கா.

"எப்படித் தெரியும்?"

"திரும்புங்க. குழந்தையை எப்பவும் இதே இடுப்புல வைக்கறீங்க. பக்கம் மாத்துங்க." கட்டைவிரலை வைத்து ஓர் இடத்தில் அழுத்தினாள். அந்தப் பெண்ணின் கண் தானாக மூடிக்கொண்டது.

"சரியாத் தூங்கினாலாவது பரவாயில்லக்கா. விடியற்காலைல அவர் சலூன் திறக்கப் போக வண்டியை எடுப்பார். எடுத்தவுடனே கரகரன்னு ஒரு சத்தம், டப்பாவுல ஆணி போட்டுக் குலுக்கின மாதிரி. இவன் அலறிட்டு முழிச்சுப்பான். இன்னிக்கு மட்டும் ஏனோ, அக்கம்பக்கத்துல யார் காதுலயும் விழக் கூடாதுங்கற மாதிரி, தள்ளிட்டுப் போய்த் தெருக்கோடியில ஸ்டார்ட் பண்ணினார், இவன் ஏழு மணி வரைக்கும் தூங்கினான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பின்னால் நின்ற கணவனைப் பார்க்காமல் உள்ளே போனாள். போகும்போது குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு சுளுக்கக்கா பானெட்டைத் தொட்டாள். தண்ணென்று இருந்தது. அத்தானைத் தட்டி எழுப்பினாள், "அத்தான், நீங்களும் கேளுங்க." சாவியைப் போட்டுத் திருப்பினாள்.

கரகரகர. மூன்று விநாடி. அப்புறம் இன்ஜின் ஒன்றுமே நடக்காததுபோல உறுமிக்கொண்டு நின்றது.

அழகான உறுமல் அது. உடனே அணைத்தாள்.

"டைமிங் செயின்," என்றாள். "உள்ள தளர்ந்திருக்கு. அறுந்தா இன்ஜினே போயிடும்."

"இந்த மாடல் எல்லாத்துலயும் அப்படித்தான் மேடம் வரும்."

"அப்ப எதுக்குத் தெருக்கோடி வரைக்கும் தள்ளிட்டுப் போனீங்க?"

சலூன்காரருக்கு முகம் கறுத்தது. "இஷ்டம்னா எடுங்க, இல்லேன்னா விடுங்க. அஞ்சு மணிக்கு இன்னொரு பார்ட்டி வருது. அவங்க இப்படி நோண்ட மாட்டாங்க."

அத்தான் உற்சாகமாக எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். "வா போகலாம். வெள்ளை வண்டிக்காரருக்கு இப்பவே போன் பண்ணிடறேன்."

சுளுக்கக்கா நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"அஞ்சு மணிப் பார்ட்டி வரட்டும்."

"அவங்க வந்தா உங்களுக்கு என்ன மேடம்?" என்றார் சலூன்காரர்.

"ஒண்ணும் இல்ல. செயின்னு ஒண்ணு இருக்கு, என்னன்னு கேட்டுக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிடறேன். அப்புறம் வாங்கறதும் வாங்காததும் அவங்க பாடு."

"இது என் வீட்டு வாசல்."

"சரி, ரோட்டுக்கு நாற்காலியைப் போட்டுக்கறேன். ரோடு பொதுதானே?"

நாற்காலியைத் தூக்கியும் விட்டாள். எதிர்மாடியில் துண்டு நான்காவது தடவை உதறப்பட்டது. சலூன்காரர் மாடியைப் பார்த்தார், ஜன்னலுக்குப் பின்னால் மனைவியைப் பார்த்தார். அங்கிருந்தும் ஆறுதலாக எதுவும் வரவில்லை.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"இந்த வண்டிதான் வேணும். செயினை மாத்திக் குடுங்க. உங்க செலவு. மெக்கானிக் என் ஆள். மாத்தின பழசை எனக்குக் காட்டணும். அலைன்மென்ட்டை நான் பார்த்துக்கறேன்."

நான்கரை வரைக்கும் பேரம் நடந்தது. நடந்தது என்பதைவிட, அவர் பேசினார், அவள் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவரே போனை எடுத்து ஐந்து மணிப் பார்ட்டியை வரவேண்டாம் என்றார்.

திரும்பும் வழியில் தன் வெள்ளைக் காரின் ஸ்டீயரிங்கை அத்தான் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

"குறை இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. ரெண்டு. ரெண்டையும் நான்தான் கண்டுபிடிச்சேன்."

"வாக்குக் குடுத்தியே?"

"குடுத்தேன். இப்ப வாபஸ்."

"இது என்ன பேச்சு? பேச்சுன்னா ஒரு பேச்சா இருக்க வேணாமா?"

"நாப்பத்தாறு வயசுக்காரி தன் காசுல வண்டி வாங்க, நீங்க வாக்குக் கேட்டதே தப்பு அத்தான். அதுக்கு நான் தலையாட்டினது அதைவிடப் பெரிய தப்பு. என் தப்பை நான் சரி பண்ணிட்டேன். இனிமே உங்க பாடு."

மூன்றாவது சிக்னலில் அத்தான், "மரத்தடியில வெயிலாம்" என்று தனக்குத்தானே முனகிச் சிரித்தார். அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்து, இரவு முழுக்க ஆறிக் கிடந்த வண்டியை விடிகாலையில் அவளே போய் ஸ்டார்ட் செய்தாள். கரகரப்பு இல்லை. சலூன்காரர் வீட்டுக்குள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டு வந்து தெருவில் திருப்பியபோது, ஏழு வாசல்களில் ஒரே நேரத்தில் கோலமாவு டப்பா, குப்பைக் கூடை, பால் பாக்கெட் என்று ஏதாவது ஒன்றை எடுக்க ஆட்கள் வந்தார்கள்.

அத்தான் பார்க்க மட்டும்தான் வந்தார். பிறகு உட்கார்ந்து மட்டும் பார்ப்பதாகச் சொன்னார். பிறகு பெரிய ரோடு வரை ஒரு சுற்று. அங்கே அவள் காலை அழுத்தினாள். அத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்ஷூரன்ஸில் இருந்த முப்பத்தைந்து வருஷமும் கண்முன் ஓடுவதுபோல விழித்தார். மெதுவாகப் போ என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது அவரால் இறங்க முடியவில்லை. சீட் பள்ளம்; முழங்கால் மோவாய்க்குப் பக்கத்தில் இருந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தான் கையை நீட்டினார்.

"கொஞ்சம் பிடிச்சு இழும்மா."

சுளுக்கக்கா கதவருகே வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"இழுக்க மாட்டேன். ரெண்டு காலையும் வெளிய வைங்க. முன்னாடி குனியுங்க. இன்னும். இப்ப நீங்களே எழுந்திருங்க."